இந்த அறை யாருக்கு?

அத்தியாயம் 9

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு ட்ரூடி பாவ்லாக் அந்தப் படுக்கை விரிப்புக்கு நான்காவது தடவையாக இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய அப்பா ஜீன் சின்ன ஏணியின் மூன்றாவது படியில் நின்றபடி, சாய்வுக் கூரையில் வால்பேப்பரின் ஓர் இணைப்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"தூக்குது," என்றார்.

"எங்கே? எனக்குத் தெரியலையே."

"உனக்குத் தெரியாது. எனக்குத் தெரியுது. ஏரிக் காத்து உள்ள வந்திருக்கு. ஜன்னலை யார் திறந்து வச்சது?"

"நான்தான். பெயிண்ட் வாசனை போகட்டும்னு."

"பசை காயணுமேன்னு அப்பன்காரன் தவம் கிடக்கறான். மக ஜன்னலைத் திறந்து வைக்கிறா."

ட்ரூடி சிரித்துக்கொண்டே பிளாஸ்கிலிருந்து காபியை ஊற்றினாள். கோப்பை நிறையும் சத்தம் கேட்டதுமே, தலையைத் திருப்பாமல் அப்பா சொன்னார்: "எனக்கும் ஒண்ணு."

பத்து மணிக்கு வாசல் கதவு திறக்கும். மில்வாக்கியின் ஏரிக்கரைச் சாலையில் வாங்க ஆளில்லாமல் நின்ற இந்தப் பழைய செங்கல் மாளிகையை ஒரு தர்ம அமைப்பு ஒரு மாதத்துக்கு இரவல் வாங்கியிருந்தது. இருபத்திரண்டு அறை, இருபத்திரண்டு வடிவமைப்பாளர்கள். ஆளுக்கு ஓர் அறையை எடுத்து, அவரவர் திறமையைக் காட்டி அலங்கரிக்க வேண்டும். ஊர் சனம் சீட்டு வாங்கிக்கொண்டு பார்க்க வரும். கிடைப்பதெல்லாம் நோயாளிக் குழந்தைகளின் பெற்றோர் தங்கும் ஒரு விடுதிக்கு.

பெயர் எடுத்தவர்களுக்கு நூலக அறையும் சாப்பாட்டு அறையும் போயின. அலமாரிக் கடை வேலையை உதறிவிட்டுத் தனியாகத் தொழில் தொடங்கி எட்டே மாதமான ட்ரூடிக்கு மிஞ்சியது மூன்றாம் தளத்தில், முன்பொரு காலத்தில் வேலைக்காரப் பெண் படுத்து எழுந்த இந்தச் சின்ன அறை. பத்தடிக்கு ஒன்பதடி. அதிலும் பாதி அகலத்துக்குக் கூரை தலையில் இடிக்கும்.

அவள் அதற்காக வருத்தப்படவில்லை. அறையைப் பார்த்த அன்றே, இது யாருக்கான அறை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

ஏப்ரல் மாதம், கேக் தட்டை எடுக்க அம்மா வீட்டுக்குப் போனபோது, சமையலறைக் கதவுக்கு அந்தப் பக்கம் அம்மா தன் தங்கையோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். "எனக்கு ஒரு அறை வேணும். சின்னதா இருந்தா போதும். கதவைச் சாத்தினா சாத்தினதா இருக்கணும்." அவ்வளவுதான். ட்ரூடி தட்டை எடுக்காமலே திரும்பி வந்துவிட்டாள். அம்மாவிடம் கேட்கவில்லை. அப்பாவிடம் மூச்சு விடவில்லை. நேராகத் தன் மேசைக்குப் போய் ஓர் அறையை வரைந்தாள்.

அதோடு நின்றிருந்தால் ஒன்றுமில்லை. ஆனால் நேற்று மாலை அம்மாவிடமிருந்து போன்: "வழிகாட்டியா நிக்கப் பேர் குடுத்திருந்தேன்ல? எந்த அறை போட்டிருக்காங்க சொல்லு பாக்கலாம்!"

ஒவ்வோர் அறை வாசலிலும் ஒரு வழிகாட்டி நிற்பார். கையில் ஓர் அட்டை. அட்டையின் தலைப்பு எல்லா அறைக்கும் ஒன்றுதான்: 'இந்த அறை யாருக்கு?' அந்த அறையில் வாழ்வதாக ஓர் ஆளைக் கற்பனை செய்து நாலு வரி எழுதிக் கொடுப்பது வடிவமைப்பாளர்களின் வழக்கம். கீழே நூலக அறையில் பதினோரு கிளிகளோடு லிஸ்பனிலிருந்து திரும்பிய ஓபரா பாடகர் குடியிருந்தார். ட்ரூடியின் அறைக்குப் பக்கத்துக் குளியலறை இன்னொரு வடிவமைப்பாளரான டெஸ்மண்டுடையது. அதில் வக்கீலுக்குப் படித்த ஒரு கடற்கன்னி. ட்ரூடி எழுதிக் கொடுத்தது, தீவு தீவாகப் போய்ப் பறவைகளை வரைந்துவிட்டு வந்த ஓர் ஓவியப் பெண்ணைப் பற்றி.

அதைத்தான் எழுதிக் கொடுத்ததாக அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"இணைப்பு மேல ரோலர் உருட்டி அழுத்தியிருக்கேன்," என்று அப்பா ஏணியிலிருந்து இறங்கினார். "யாரையும் அதுல கை வைக்க விடாத. எனக்கு வாவடோசா பக்கம் ஒரு வீட்டுல ஹால் ஒட்டற வேலை பாக்கி இருக்கு. ரெண்டு மணிக்கு வந்து இன்னொரு தடவை பாக்கறேன்."

"நானே பாத்துக்கறேன்பா. நீ வரவேணாம்."

"ஏன், உங்கம்மா நின்னு கதை சொல்றதை நான் பாக்கக்கூடாதா? நேத்து சாயங்காலமெல்லாம் சாப்பாட்டு மேசையில உக்காந்து மனப்பாடம் பண்ணினா. என்ன படிக்கறேன்னு கேட்டா, 'பாடம்'ங்கறா."

அவர் ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு, பின்பக்கப் படியில் ஏதோ முணுமுணுத்தபடி இறங்கிப் போனார்.

அம்மா ஆர்லின் ஒன்பதரைக்கு வந்தாள். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, ஒரு காதில் மட்டும் தோடு. இன்னொன்றை மாட்டிக்கொண்டே படியேறினாள். மார்பில் பெயர் அட்டை. முப்பது வருஷம் பல் டாக்டரின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்தவள்; அழைப்பு மணிக்கு முன்பே முகத்தில் சிரிப்பு வந்து நிற்கும். இன்று அந்தச் சிரிப்பு இல்லை.

அறை வாசலில் நின்று உள்ளே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"எப்படிம்மா இருக்கு?"

"ஜன்னல் ஓரமாப் படுக்கையைப் போட்டிருக்க."

"ஆமா. நீளவாக்குல. பகல்ல சாஞ்சு உக்காந்துக்கலாம். ஏரி தெரியும்."

"ம்."

"அந்த அட்டையைக் காட்டேன், ஒரு தடவை பாத்துடறேன்."

"வேணாம். எனக்கு வரும்," என்று அம்மா அட்டையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். "நீ போய் தலையை வாரு. பின்பக்கம் காக்கா கூடு கட்டியிருக்கு."

முதல் கூட்டம் பத்தேகாலுக்கு மேலே வந்தது. ஏழு பெண்கள், ஒரு ஆண். தரை அழுக்காகாமல் இருக்க எல்லோர் காலணி மேலும் நீல நிறத்தில் காகிதப் பை. கையில் குறிப்பேடு. ட்ரூடி எதிர்ச் சுவரோரமாக, யாரோ போல நின்றுகொண்டாள்.

அம்மா தொண்டையைச் செருமினாள். அட்டையைப் பார்க்கவில்லை.

"இந்த அறை அறுபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்திக்கு," என்று தொடங்கினாள். "கல்யாணமாகி நாற்பது வருஷம். கணவன் மேல் அவளுக்குக் கோபம் ஒன்றும் இல்லை."

ட்ரூடி சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்தாள்.

"பிறந்த வீட்டில் இரண்டு தங்கைகளோடு ஒரே அறை. அப்புறம் கணவனோடு ஒரே அறை. நடுவில் தொட்டில். தன் கையால் சாத்தித் தானே திறக்கிற ஒரு கதவு அவளுக்கு இதுவரை இருந்ததில்லை. இந்த அறையில் அவள் காபி போடும்போது, 'எனக்கும் ஒண்ணு' என்று பக்கத்திலிருந்து யாரும் சொல்ல மாட்டார்கள்."

பறவை வரையும் பெண்ணை எங்கே காணோம்? அவள் ட்ரூடியின் கம்ப்யூட்டரில், 'அட்டை' என்ற பெயரில் பத்திரமாக இருந்தாள். அதற்கு முன்னால், தனக்குத் தெளிவாகட்டும் என்று தனக்கே எழுதி வைத்துக்கொண்டது, 'அட்டை முதல்' என்ற பெயரில் இருந்தது. கெடு முடிய பத்து நிமிஷம் இருக்கும்போது அவசரமாக அனுப்பியது எதை என்று இப்போது அவளுக்குச் சந்தேகமே இல்லை. இருபத்திரண்டு அறைகளின் கதைகளை யாரும் உட்கார்ந்து படித்துப் பார்ப்பதில்லை. வந்தது வந்தபடி அச்சாகிவிட்டது.

அந்த ஏழு பெண்களில் யாரும் நகரவில்லை. ஒருத்தி, "கடவுளே," என்றாள், மெதுவாக. இன்னொருத்தி கதவைத் தொட்டுப் பார்த்தாள். வெளிப்பக்கம் நடையின் மற்றக் கதவுகளைப் போல வெள்ளை. உள்பக்கம் பழுத்த தக்காளிச் சிவப்பு.

"உள்ள மட்டும் ஏங்க இந்தக் கலர்?"

"சாத்தினாத்தான் தெரியும்," என்றாள் அம்மா. "வெளியில இருக்கறவங்களுக்கு இது வழக்கமான கதவு."

அதை ட்ரூடி எங்கேயும் எழுதவில்லை. மனதில் நினைத்ததுதான்.

ட்ரூடி கீழே ஓடினாள். அமைப்பின் தலைவி மிஸஸ் தோர்ன்பரி சமையலறையை அலுவலகமாக்கி வைத்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார்.

"தப்பான அட்டையா? நல்லாத்தானேம்மா இருந்தது. எனக்கு அந்தக் கிளிக்காரரைவிட இது பிடிச்சுது."

"அது சொந்த விஷயங்க. தயவு செஞ்சு வேற அச்சடிச்சுத் தாங்க."

புது அட்டையோடு அவள் மூச்சிரைக்கத் திரும்பியபோது மேலே யாரும் இல்லை. அம்மா மட்டும் அறையின் ஒரே நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தாள்.

"காட்சிக்கு வச்சதுல உக்காரக்கூடாதும்மா."

"எனக்காகப் போட்ட நாற்காலிதானே. உக்காந்து பாக்கறேன்."

ட்ரூடி படுக்கை விளிம்பில் சரிந்தாள். அதிலும் உட்காரக்கூடாதுதான்.

"எப்போ கேட்ட?" என்றாள் அம்மா.

"ஏப்ரல்ல. கேக் தட்டு எடுக்க வந்தப்போ."

"நாலு வார்த்தை காதுல விழுந்தது. வந்து, 'என்னம்மா, என்ன விஷயம்'னு கேக்கத் தோணலை. போய் வால்பேப்பர் தேடியிருக்க."

"எப்படிக் கேக்கறதுன்னு தெரியலம்மா."

"வாயைத் திறந்துதான்." அம்மாவின் குரல் ஏறவில்லை. "அதைக்கூட விடு. அந்த மனுஷனைக் கூப்பிட்டு அவர் கையாலயே ஒட்ட வச்சிருக்கியே. கூரை, சுவர் எல்லாம். மூணு நாள் கழுத்தை ஒடிச்சுக்கிட்டு நின்னு ஒட்டினார். எதுக்கு ஒட்டறோம்னு தெரியாமலே. ராத்திரி நான் தைலம் தேச்சு விட்டேன்."

மில்வாக்கியில் சாய்வுக் கூரையில் அவரைவிட நன்றாக வால்பேப்பர் ஒட்டுகிறவர் கிடையாது என்பது ஒரு பதிலாகாது என்று ட்ரூடிக்கே தெரிந்தது.

"இந்தா," என்று புது அட்டையை நீட்டினாள். "இதைப் படிம்மா. பறவை வரையற பொண்ணு. அப்பா ரெண்டு மணிக்கு வர்றார்."

அம்மா வாங்கிப் படித்தாள். "நல்லாருக்கு," என்றாள். "யாரு இவ?"

"யாருமில்ல."

"அதான் பாத்தேன்." அட்டையை நாலாக மடித்துக் கம்பளிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். "நான் பழசையே சொல்றேன்."

"அம்மா! அப்பா வருவார்!"

"வரட்டும்."

படியில் காலடிச் சத்தம் கேட்டது. அம்மா எழுந்து பாவாடையை நீவிக்கொண்டு வாசலுக்குப் போனாள். அறுபத்து மூன்று வயதில் அவள் அப்படி முதுகை நிமிர்த்தி நின்று ட்ரூடி பார்த்ததில்லை.

பதினொன்றரைக்கெல்லாம் சின்ன அறையைப் பற்றிய பேச்சு கீழ்த்தளம் வரை போய்விட்டது. பார்த்தவர்கள் கூட வந்தவர்களை இழுத்துக்கொண்டு மறுபடி ஏறினார்கள். ஒரு மணிக்கு வரிசை குறுகிய படிக்கட்டில் இறங்கி இரண்டாம் தளத்து நடையில் வளைந்து நின்றது. அம்மா ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி சொன்னாள். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. கேள்விகளுக்கு மட்டும் தன் இஷ்டத்துக்குப் பதில் சொன்னாள்.

"ஏங்க, கூரையிலயும் சுவர்லயும் ஒரே பேப்பர் ஒட்டியிருக்கீங்களே, கண்ணைக் கட்டாது?"

"நின்னு பாருங்க. சுவர் எங்க முடியுது, கூரை எங்க தொடங்குதுன்னு தெரியாது. அதான் அறை பெருசாத் தெரியுது. வேற வேற கலர் அடிச்சா பெட்டிக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கும்."

"விளக்குக்கு மேசை வைக்கலையே?"

"விளக்கு சுவர்லயே கை நீட்டிக்கிட்டு இருக்கு பாருங்க. தலையணைக்கு நேரா இழுத்துக்கலாம். மேசை வச்சா அதுமேல யாராவது எதையாவது கொண்டுவந்து வைப்பாங்க."

அதற்கு ஒரு சிரிப்பு.

"அலமாரிக்குக் கதவு இல்லாம திரை போட்டிருக்கீங்க?"

"சின்ன அறையில ரெண்டு கதவு திறந்தா மூஞ்சில இடிக்கும். ஒரு கதவு போதும்."

"ஒரே ஒரு நாற்காலிதான் இருக்கு. யாராவது வந்தா?"

"நிக்கட்டும்," என்றாள் அம்மா. "நின்னா சீக்கிரம் போயிடுவாங்க."

அந்தச் சிரிப்பு படிக்கட்டு வரை கேட்டது. டெஸ்மண்ட் தன் குளியலறையிலிருந்து தலையை நீட்டினார்.

"அம்மணி, என் கடற்கன்னியை ஒரு ஈ காக்காகூட எட்டிப் பாக்கல. வர்றவங்க எல்லாம் என்கிட்ட நிஜமாவே பாத்ரூம் எங்கன்னு கேக்கறாங்க. உங்கம்மாவுக்கு என்ன குடுத்துக் கூட்டிட்டு வந்த?"

ட்ரூடியின் பையில் மூன்று பேர் தங்கள் விலாசச் சீட்டைத் திணித்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து பாருங்கள், மாடியில் ஓர் அறை சும்மா கிடக்கிறது. எட்டு மாதமாக அவள் எதற்காகக் காத்திருந்தாளோ அது இதுதான். அவள் அதைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்றே முக்காலுக்கு அவள் பின்பக்கக் கதவுக்கு இறங்கிப்போய் நின்றாள். அப்பா வந்ததும் இணைப்பு ஒட்டிக்கொண்டது, போய் வா என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட வேண்டும். இரண்டு மணி ஆயிற்று. இரண்டே கால். வேன் வரவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது: அவர் இன்று வேலைக்காரராக வரவில்லை. மனைவி நிற்பதைப் பார்க்க வருகிறார். அதற்கு முன்வாசல் வழியாகத்தானே வருவார்.

ஓடினாள். படிக்கட்டின் பாதியில், நீலக் காலணிப் பைகளோடு நின்ற பெண்களுக்கு நடுவே அப்பா நின்றிருந்தார். தலை வாரியிருந்தார். சர்ச்சுக்குப் போடும் சட்டை. அவர் காலிலும் நீலப் பை. முன்னால் கைத்தடி ஊன்றி நின்ற அம்மாள் ஒருத்தியோடு ஜோராகப் பேசிக்கொண்டிருந்தார்.

"என் பொண்ணோட அறைங்க. பேப்பர் நான் ஒட்டினது."

"அப்படியா! அந்தக் கதை கேட்டீங்களா? நான் ரெண்டாவது தடவை போறேன். அந்தப் பொம்பளை நாற்பது வருஷம் ஒரு கதவு இல்லாம இருந்திருக்கா பாருங்க."

"அடப் பாவமே," என்றார் அப்பா, மனதார. "புருஷன் என்ன ஆளோ."

"கெட்டவன் இல்லையாம். அதான் கஷ்டம். கெட்டவனா இருந்தா சொல்லிட்டுப் போயிடலாம்."

"அது சரிதான்," என்று அப்பா தலையாட்டினார்.

"அப்பா!" ட்ரூடி அவர் முழங்கையைப் பிடித்தாள். "இணைப்பு நல்லா ஒட்டிக்கிச்சு. நீ வா, கீழ போய் நூலக அறையைக் காட்டறேன். பதினோரு கிளி."

"கிளியை எதுக்குடி நான் பாக்கணும்? வரிசையில கால் மணியா நிக்கறேன்."

"வரிசையை விட்டுப் போயிடாதீங்க," என்றாள் கைத்தடி அம்மாள். "இடம் போயிடும்."

வரிசை நகர்ந்தது. அவரும் நகர்ந்தார். ட்ரூடி பின்னால் போனாள்.

அறைக்குள் பத்துப் பேர் நெருக்கியடித்து நின்றார்கள். அப்பா கடைசியாக, கதவின் சிவப்புப் பக்கத்தில் முதுகை ஒட்டி நின்றார். அம்மா அவரைப் பார்த்தாள். அவள் கை சட்டைப் பைக்குள் போயிற்று. நாலாக மடித்த அந்த அட்டை அங்கேதான் இருந்தது. கை வெறுமையாக வெளியே வந்தது.

"இந்த அறை அறுபத்து மூன்று வயதுப் பெண் ஒருத்திக்கு."

அப்பா புன்னகையோடு கேட்டார். கல்யாணமாகி நாற்பது வருஷம் என்றபோதும் புன்னகை இருந்தது. இரண்டு தங்கைகள் என்றபோது புருவம் லேசாகச் சுருங்கியது. கதை காபிக்கு வந்து, 'எனக்கும் ஒண்ணு' என்றதும் அவர் முகத்தில் ஒன்றும் மிச்சமில்லை.

யாரோ திரையைப் பற்றிக் கேட்டார்கள். அம்மா பதில் சொன்னாள். யாரோ தரைக்கு என்ன பெயிண்ட் என்றார்கள். அதற்கும் சொன்னாள். அப்புறம் அப்பா கையைத் தூக்கினார், பள்ளிக்கூடத்துப் பையன் போல.

"ஒரு கேள்வி."

"கேளுங்க," என்றாள் அம்மா.

அவள் அப்பாவை 'ங்க' போட்டுப் பேசி ட்ரூடி கேட்டதே இல்லை.

"இந்தம்மாவோட வீட்டுக்காரர் எங்க படுத்துப்பாருங்க?"

அறை முழுக்கச் சிரிப்பு. கைத்தடி அம்மாள் அவர் தோளில் தட்டினாள்.

"இப்போ படுக்கற இடத்துலயேதாங்க," என்றாள் அம்மா. "நல்லாத் தூங்கற மனுஷன்."

"அவர் ஏதாவது தப்பு பண்ணிட்டாரா?"

"இல்லீங்க. அட்டையிலயே இருக்கு. கோபம் ஒண்ணும் இல்ல."

"கோபம் இல்லாமலா?"

"கோபம் இல்லாமத்தான்."

சிரிப்பு அடங்கத் தொடங்கியிருந்தது. கைத்தடி அம்மாள் இவரைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். அம்மாவின் பெயர் அட்டையைப் பார்த்தாள்.

"அவருக்கு இது தெரியுமா?" என்றார் அப்பா.

அம்மா கையிலிருந்த அட்டையைப் பார்த்தாள். அதற்கான பதில் அதில் எழுதியிருக்கவில்லை.

"இப்போ தெரியும்," என்றாள்.

அப்பா தலையை ஒருமுறை ஆட்டினார். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜன்னலோரம் போய், கையை உயர்த்தி, காலையில் தூக்கிக்கொண்டிருந்த இணைப்பைக் கட்டைவிரலால் மேலிருந்து கீழ்வரை அழுத்தினார். "இது நிக்கும்," என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வெளியே போனார். காலிலிருந்த நீலப் பையை அவர் கழற்றவே இல்லை. படியில் அது சரசரவென்று உரசிக்கொண்டு போவது கீழ்த்தளம் வரை கேட்டது.

நாலரைக்கு வாசல் சாத்தினார்கள். மிஸஸ் தோர்ன்பரி வந்து, நாளைக்கும் ஆர்லினே நிற்க வேண்டும் என்று கையைப் பிடித்துக்கொண்டார். அம்மா பார்க்கலாம் என்றாள். அம்மாவும் மகளும் பின்பக்கப் படியில் பேசாமல் இறங்கினார்கள்.

வேன் இப்போது அங்கே நின்றது, அம்மாவின் காருக்குப் பக்கத்தில். பின்கதவு திறந்திருந்தது. அப்பா அதன் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். மடியில், பிரிக்காத வால்பேப்பர் ரோல்கள். ஏரியிலிருந்து குளிர்காற்று வீசிற்று. மே மாதம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

"அப்பா, நான்தான் தப்பு," என்று ட்ரூடி தொடங்கினாள். "அந்த அட்டை..."

"நீ சும்மா இரு," என்றார் அப்பா. கோபமாக இல்லை. அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: "ஆறு ரோல் மிச்சம் இருக்கு, ஆர்லி. எண்ணிப் பாத்தேன். ட்ரூடியோட பழைய ரூமுக்குச் சரியா வரும். அதுவும் சாய்வுக் கூரைதான். ரெண்டு நாள் வேலை. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுத் தரேன். நான் தட்டிட்டுத்தான் வருவேன்." கொஞ்சம் யோசித்தார். "தட்டக்கூட மாட்டேன். காபியும் நானே போட்டுக்கறேன்."

அவர் இவ்வளவு நேரமும் உட்கார்ந்து இந்த வார்த்தைகளைத்தான் கோத்துக்கொண்டிருந்தார் என்று ட்ரூடிக்குப் புரிந்தது. சரியாகிவிட்டது, இவ்வளவுதானா விஷயம் என்று நினைத்தாள்.

"நல்ல யோசனை ஜீன்," என்றாள் அம்மா. "அஞ்சு வருஷம் முன்னாடி தோணியிருந்தா ரெண்டு பேருக்கும் நல்லாருந்திருக்கும்." பெயர் அட்டையை ஊக்கிலிருந்து கழற்றினாள். "ஆனா நான் சொல்ற அறை நம்ம வீட்டுல இல்ல."

"இல்லன்னா?"

"வேற இடத்துல. பாத்துட்டேன். ஒண்ணாந்தேதியிலேருந்து என் பேர்ல."

"அம்மா!" என்றாள் ட்ரூடி.

"நீ கேட்டிருந்தா உனக்குச் சொல்லியிருப்பேன்," என்றாள் அம்மா அவள் பக்கம் திரும்பாமல்.

அப்பா மடியிலிருந்த ரோல்களைப் பார்த்தார். ஒன்றன் ஓரத்தில் உறை கிழிந்திருந்தது; அதை இழுத்து மூடினார். அது நிற்கவில்லை. மறுபடி மூடினார்.

"அங்க சுவர் பிளாஸ்டர் பூசினதா, போர்டு அடிச்சதா?" என்று கேட்டார்.

அம்மா இதை எதிர்பார்க்கவில்லை. "பிளாஸ்டர்," என்றாள். "ஜன்னலுக்குக் கீழ ஒரு வெடிப்பு இருக்கு."

"எவ்வளவு பெருசு?"

"ஜீன்..."

"வெடிப்பைத்தான் கேக்கறேன். வேற ஒண்ணும் கேக்கல."

அம்மா சுண்டுவிரலை நீட்டிக் காட்டினாள்.

"அப்போ முதல்ல அதை அடைக்கணும். அடைக்காம ஒட்டினா ஒரு குளிர்காலம் தாங்காது."

"எனக்கு அடைக்கவும் தெரியாது, ஒட்டவும் தெரியாது."

"தெரியாதுதான்," என்றார் அப்பா.

எழுந்தார். ஆறு ரோல்களையும் அணைத்து எடுத்துக்கொண்டுபோய் அம்மாவின் காரின் பின்சீட்டில், உருளாதபடி ஒன்றையொன்று ஒட்டி அடுக்கினார். கதவைச் சாத்தினார். அம்மாவுக்கு முன்னால் வந்து நின்றார்.

"விலாசம் அப்புறம் சொன்னாப் போதும்," என்றார். "எந்த நாள்னு மட்டும் சொல்லு. வேற வேலை ஒத்துக்காம வச்சுக்கறேன்."

அம்மா கார்ச் சாவியை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ட்ரூடி காத்திருந்தாள். அப்பாவும் காத்திருந்தார், சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்துக் கையில் பிடித்தபடி.

அம்மா எந்த நாள் என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.